எந்த எலும்பு ஆபரேஷன் காத்திருக்கும், எது காத்திருக்காது?

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 62 வயது. சின்ன வயதிலிருந்து கொழுந்து பறித்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்கிறார்கள். ரோபோ ஆபரேஷன், நுண்துளை ஆபரேஷன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எலும்பு, மூட்டு, தசைநாணுக்கு என்னென்ன ஆபரேஷன் இருக்கிறது? மேடும் பள்ளமுமான நம் ஊருக்கு எது சரிப்படும்? பக்கத்து வீட்டுத் தாத்தாவும் மழையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, நாலு நாளாக எண்ணெய்க் கட்டோடு படுத்திருக்கிறார்."

நான் குன்னூரில் பிசியோதெரபிஸ்ட். கத்தி பிடிப்பவன் இல்லை. ஆபரேஷன் முடிந்து மலையேறி வருகிறவர்களை நடக்க வைப்பதுதான் என் வேலை. பெரும்பாலான விளக்கங்களில் தோள், இடுப்பு, முழங்கால் என்று உறுப்பு வாரியாகப் பிரித்திருப்பார்கள். எனக்கு அது உதவாது. எது மணிக்கணக்கில் செய்யவேண்டியது, எது நாள் கணக்கில், எது வருடம் தள்ளினாலும் குடி முழுகாது என்று பிரித்தால்தான் மலையில் இருப்பவருக்குப் பிரயோஜனம்.

தம்பி, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தாத்தாதான் அவசரம். அம்மாவின் முழங்கால் காத்திருக்கும், அவர் இடுப்பு காத்திருக்காது. அவரை மல்லாக்கப் படுக்க வைத்துப் பாதத்தைப் பாருங்கள். அடிபட்ட கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தால், அனேகமாகத் தொடை எலும்பின் மேல்முனை முறிந்திருக்கிறது. அந்த இடம் கனத்த சதைக்குள் ஆழத்தில் இருக்கிறது. வெளியே சுற்றும் எந்தக் கட்டும், எண்ணெயோ மாவோ, அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

அங்கே இரண்டு விதமாக முறியும். ஒன்று, இடுப்புக் கிண்ணத்துக்குள் சுழலும் தொடை எலும்பின் உருண்டை முனையான பந்துக்குச் சற்றுக் கீழே உள்ள கழுத்தில். பந்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. எலும்பு விலகி முறிந்தால் அவையும் அறுந்து, பந்து பட்டுப்போகும். அதனால் வயதானவர்களுக்கு அதை ஒட்டவைக்கப் பார்ப்பதில்லை. பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள். ஓடியாடிக்கொண்டிருந்தவர் என்றால் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுவார்கள். அதே முறிவு இளவயதுக்காரருக்கு வந்தால் சொந்தப் பந்தைக் காப்பாற்ற, கூடிய சீக்கிரம் ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்கள். இரண்டாவது வகை கழுத்துக்குக் கீழே, எலும்பு தடித்திருக்கும் இடத்தில் முறிவது. அங்கே இரத்த ஓட்டத்துக்குக் குறையில்லை, எலும்பு கூடிவிடும். ஆனால் கூடுவதற்கு மூன்று மாதம் படுத்துக் கிடக்கவேண்டும். அந்த மூன்று மாதத்தில்தான் படுக்கைப்புண், நுரையீரலில் சளி, காலில் இரத்தக்கட்டி எல்லாம் வரும். எலும்புக்குள் ராடு செலுத்தி ஸ்க்ரூ போட்டுவிட்டால் மறுநாளே வாக்கரைப் பிடித்து எழுப்பி நிறுத்தலாம்.

இந்த முறிவை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யவேண்டும் என்பதுதான் பல நாட்டு மருத்துவ வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. உலகக் கணக்குப்படி, இடுப்பு முறிந்த முதியவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார். முறிவே கொல்வது குறைவு, படுக்கைதான் கொல்கிறது. "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்" என்று வீட்டில் சொல்வார்கள். இந்த வயது என்பதால்தான் வேண்டும். நாலு நாள் தாமதமானாலும் செய்வார்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் 700 படுக்கையோடு புதுக் கட்டிடத்தில் திறந்திருக்கிறது. கோத்தகிரியிலிருந்து அங்கேயும் போகலாம், மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூருக்கும் போகலாம். எங்கே என்று யோசிப்பதில் இன்னொரு நாளைக் கழிக்காதீர்கள்.

மணிக்கணக்கு விஷயங்கள் இன்னும் இரண்டு. முதலாவது, சதை கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவு. மலைப்பாதையில் பைக் சறுக்கினாலும் வரும், காட்டெருமை முட்டித் தூக்கிப் போட்டாலும் வரும். எலும்பை உள்ளே தள்ளாதீர்கள், காப்பித்தூளோ மஞ்சளோ வைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, கிடைத்த பலகையை வைத்து ஆடாமல் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும் என்று நேராகக் கீழே இறங்க வேண்டியதில்லை. ஆண்டிபயாடிக் ஊசி முதல் ஒரு மணி நேரத்திலேயே நரம்பில் ஏறினால் நல்லது. அதைப் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொண்டு இறங்கலாம். கீழே போனதும் காயத்தைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்து, வெளியே கம்பிச் சட்டம் மாட்டுவார்கள். ராடோ பிளேட்டோ அப்புறம்தான். இவ்வளவு சிதைந்த காலைக் காப்பாற்றுவதா, எடுப்பதா என்று முடிவுசெய்ய உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மதிப்பெண் முறைகளில் ஒன்று நமக்குக் கீழே கோயம்புத்தூரில், கங்கா மருத்துவமனையில் உருவானது. தோல், எலும்பு, தசை மூன்றின் சிதைவுக்கும் நோயாளியின் மற்றக் கோளாறுகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் போடுவார்கள். 14 வரை என்றால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே உயிருக்கு நல்லது. நடுவில் வந்தால் டாக்டரின் அனுபவம்தான் பேசவேண்டும்.

இரண்டாவது, கட்டுக்குள் வரும் வீக்கம். முழங்கைக்குக் கீழேயோ முழங்காலுக்குக் கீழேயோ முறிந்து, இறுக்கிக் கட்டியபின் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகிறது, விரலை நீங்கள் மெதுவாக நீட்டிவிட்டாலே அலறுகிறார், விரல் மரத்துப்போகிறது என்றால், உள்ளே தசை இரத்தமில்லாமல் திணறுகிறது என்று அர்த்தம். சுமார் ஆறு மணி நேரம்தான் அவகாசம். கட்டை உடனே வெட்டவேண்டும், தேவைப்பட்டால் தசை உறையை நீளமாகத் திறந்துவிடவேண்டும். விட்டால் கை பருந்து நகம் மாதிரி மடங்கி, ஆயுளுக்கும் நிமிராது. நாட்டுக் கட்டில் மட்டும் வருவதில்லை, ஆஸ்பத்திரி மாவுக்கட்டிலும் வரும். குழந்தைகளுக்கு முழங்கை முறிந்தால் முதல் இரவு தூங்காமல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

அடுத்தது நாள் கணக்கு, வாரக் கணக்கு.

தொடை, கெண்டைக்கால் எலும்புகள் நடுவில் முறிந்தால் ராடு. 1939-ல் ஜெர்மனியின் கீல் நகரில் குன்ட்ஷர் என்ற டாக்டர் தொடை எலும்பின் உள்குழலில் எஃகு ஆணி செலுத்தியதிலிருந்து வந்த வழி அது. மூட்டை ஒட்டி முறிந்தால், மேற்பரப்பு மில்லிமீட்டர் பிசகாமல் சேரவேண்டும் என்பதால் பிளேட்டும் ஸ்க்ரூவும். கணுக்கால் முறிவுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பினால் டாக்டர் இழுத்தடிக்கிறார் என்று நினைக்கவேண்டாம். வீங்கிப் பளபளக்கும் தோலை வெட்டினால் தையல் கூடாது. வீக்கம் வற்றி, தோலில் மெல்லிய சுருக்கம் விழுகிறதா என்று பார்த்துத்தான் கத்தி வைப்பார்கள். அதுவரை கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். தோளுக்கு முன்னால் உள்ள காறை எலும்பு பெரும்பாலும் கழுத்தில் மாட்டும் தூளியிலேயே கூடிவிடும். கையை ஊன்றி விழுந்து முறியும் மணிக்கட்டும் பாதிக்கு மேல் மாவுக்கட்டோடு சரி. கூடாமல் போன எலும்புக்கு இலிசரோவ் வளையம் என்று ஒன்று உண்டு. சைபீரியாவில் பிறந்த முறை. எலும்பை வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்கி, இடைவெளியில் புது எலும்பு வளர்ப்பது. மாதக்கணக்கில் காலில் சட்டத்தோடு நடக்கும் பொறுமை வேண்டும்.

"கம்பி இருக்கு, பனிக்காலத்துல உள்ளே குடையும், எடுத்துடலாமா" என்று ஜனவரியில் கேட்காத ஆள் இல்லை. கணுக்காலிலோ காறை எலும்பிலோ தோலுக்கு அடியிலேயே பிளேட் இருந்தால் குளிர் உறுத்துவது உண்மைதான். ஆனால் பெரியவர்களுக்குத் தொந்தரவில்லாத கம்பியை எடுக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில்தான் நம் ஊரில் ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். கவாத்துக் கத்தி நழுவி விரலின் உள்பக்கம் வெட்டிவிடும். காயம் ஒரு அங்குலம்கூட இராது. இரண்டு தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். தையல் பிரித்தபின்தான் விரல் மடங்கவில்லை என்று தெரியும். காயம் பட்ட அன்றே இதைப் பாருங்கள்: அடிபட்ட விரலின் நடுக் கணுவை மடங்காமல் பிடித்துக்கொண்டு, நுனிக் கணுவைத் தனியாக மடக்கச் சொல்லுங்கள், பிறகு மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடுக் கணுவை. எது மடங்கவில்லையோ அதற்குப் போகும் நாண் அறுந்திருக்கிறது. விரலின் ஒரு ஓரம் மரத்திருந்தால் பக்கத்து உணர்ச்சி நரம்பும் போயிருக்கிறது. அறுந்த நாண் மணிக்கட்டுப் பக்கம் சுருங்கிக்கொண்டே போகும். ஒரு வாரம் பத்து நாளுக்குள் தைத்தால் நேராகச் சேர்த்துவிடலாம். இரண்டு மூன்று வாரம் தாண்டினால் முனைகள் எட்டாது, பாதையும் மூடிக்கொள்ளும். அப்புறம் சிலிக்கான் குச்சி வைத்துப் பாதை உண்டாக்கி, மாதங்கள் கழித்து வேறு இடத்து நாணை எடுத்து ஒட்டவேண்டிய இரட்டை ஆபரேஷன்.

தைத்தபின் எங்கள் பாடு. அசைக்காமல் வைத்தால் நாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும், பலமாக அசைத்தால் தையல் அறும். அதனால் கையின் பின்பக்கம் ஒரு சிம்பு (அசையாமல் தாங்கும் பட்டை) கட்டி, அந்த எல்லைக்குள் தினமும் பலமுறை மெதுவாக அசைக்கவைப்போம். ஆறு வாரம் சிம்பு. பாரம் தூக்க, கத்தி பிடிக்க மூன்று மாதம். தினக்கூலிக்காரரிடம் இதைச் சொல்வதைவிடக் கடினமான வேலை எனக்கு வேறில்லை. நாலாவது வாரம் விரல் நன்றாக மடங்க ஆரம்பித்ததும் கத்தரியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

கத்தரி பிடித்தே இலை எடுப்பவர்களுக்கு விரல் மடங்கி, பிறகு டக்கென்று சொடுக்கி நிமிரும் தொந்தரவு வரும். ராத்திரியில் கை மரத்து எழுப்பும் தொந்தரவும் வரும். இரண்டுக்கும் முதலில் ஓய்வு, சிம்பு, ஒரு ஊசி. கேட்காவிட்டால் மரப்பு ஊசி போட்டுச் செய்யும் சின்ன ஆபரேஷன், அன்றே வீடு திரும்பலாம். விழுந்ததில் தோள் நாண் கிழிந்து கை தூக்க முடியாமல் போனால் சீக்கிரம் தைப்பது நல்லது. வயதாகித் தேய்ந்து கிழிந்ததற்கு மூன்று மாதம் உடற்பயிற்சிதான் முதலில். குதிகால் நாண் அறுந்தால், தைத்தாலும் தைக்காமல் முறையாகக் கட்டுப்போட்டுப் பயிற்சி கொடுத்தாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். தைத்தால் மறுபடி அறுவது சற்றுக் குறைவு, தைக்காவிட்டால் புண், சீழ் என்ற பயம் இல்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்த எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. பந்து விளையாடும் பையனுக்கும், சரிவில் இறங்கும்போது முழங்கால் நழுவுகிறது என்பவருக்கும் தேவை.

சரி, அம்மாவுக்கு வருவோம். அவசரமே இல்லை. முழங்கால் மாற்று என்பது நாள் குறித்து, நிதானமாகச் செய்துகொள்ளும் ஆபரேஷன்.

முதலில் எக்ஸ்ரேயைப் பாருங்கள். நின்றபடி எடுத்ததா? படுத்து எடுத்த படத்தில் இடைவெளி இருப்பது மாதிரி தோன்றும், நின்றால்தான் எலும்போடு எலும்பு உரசுவது தெரியும். தேய்மானம் உள்பக்கம் மட்டும்தானா? அறுபதுக்குக் கீழே, கால் வளைந்து, உள்பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு மூட்டை மாற்றாமல், கெண்டைக்கால் எலும்பை மேலே வெட்டி, காலை நிமிர்த்தி, பிளேட் வைக்கும் முறை இருக்கிறது. சொந்த மூட்டு மிஞ்சும், தோட்ட வேலைக்கும் திரும்பலாம். உங்கள் அம்மாவுக்கு வயது கொஞ்சம் தாண்டிவிட்டது என்றாலும் கேட்பதில் தப்பில்லை. பாதி மூட்டை மட்டும் மாற்றுவதும் உண்டு. ஆனால் நுண்துளை போட்டு உள்ளே "கழுவிவிடுவது" தேய்மானத்துக்கு உதவாது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்துச் சோதித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு உண்மையாகவே கழுவிச் சுரண்டினார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து இருதரப்புக்கும் வலியில் வித்தியாசமில்லை. அதற்குப் பிறகும் இதை யாராவது சிபாரிசு செய்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முழு மாற்று என்பதில் மூட்டையே கழற்றி எறிவதில்லை. இரண்டு எலும்பின் முனைகளையும் ஒரு சென்டிமீட்டர் அளவு சீவி, மேலே கோபால்ட் குரோமியம் உறை, கீழே உலோகத் தட்டு, நடுவில் எளிதில் தேயாத பிளாஸ்டிக் வைப்பார்கள். பல நாட்டுப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்து 2019-ல் வெளிவந்த கணக்குப்படி, நூற்றுக்கு 82 மூட்டுகள் 25 வருடம் தாக்குப்பிடிக்கின்றன. 62 வயதில் செய்தால் அனேகமாக ஆயுளுக்கும் போதும். அதே சமயம், மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி இல்லை. வலி ரொம்ப மிஞ்சாத நிலையில் அவசரப்பட்டுச் செய்துகொண்டவர்களில் இது அதிகம் என்பது நான் பார்த்த வரை. ராத்திரி வலியில் தூக்கம் கெடுகிறது, கடைக்கு நடந்துபோய் வர முடியவில்லை, மாத்திரையும் பயிற்சியும் கைவிட்டுவிட்டன என்ற மூன்றும் சேர்ந்தால் செய்யுங்கள். ரோபோ எலும்பைச் சீவுவதில் துல்லியம் தருகிறது, அவ்வளவுதான். வருடக்கணக்கில் நடையில் பெரிய வித்தியாசம் நிரூபணமாகவில்லை. அந்தக் கூடுதல் பணத்தை வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறை கட்டச் செலவழிக்கலாம் என்பேன்.

ஏனென்றால் மாற்றிய பிறகு குந்தி உட்காரவும், சம்மணம் போடவும், முட்டிபோட்டுக் களை எடுக்கவும் கூடாது. நாள் குறிக்கும் முன்பே ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரை எத்தனை படி, எங்கே பாசி பிடித்திருக்கிறது, எங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று நடந்து பாருங்கள். ஒரு இரும்புப் பைப்பைக் கைப்பிடியாக ஊன்றுங்கள். கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை என்பதால் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். தடி எப்போதும் எதிர்க்கையில். இப்போதிருந்தே அம்மாவைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதைப் பத்து எண்ணும்வரை அழுத்தப் பழக்குங்கள். தொடைச் சதை பலமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஆபரேஷன் ஆனபின் படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள். குளிருக்குச் சுருண்டு படுப்பதும் தலையணையில் கால் மடங்கிக் கிடப்பதும் இதமாகத்தான் இருக்கும். ஆறு வாரத்தில் கால் அந்தக் கோணத்திலேயே நின்றுவிடும். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், வலித்தாலும்.

கோயம்புத்தூரில் செய்தால் காரில் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, கிளம்புவதற்கு அரை மணி முன் வலி மாத்திரை போட்டு, வளைவுகளில் மெதுவாக ஏறி, நடுவில் இறங்கி நின்று பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால், மூச்சு வாங்கினால், அன்றே டாக்டரிடம்.

இடுப்பு மூட்டு மாற்றும் இதே வரிசைதான். ஆனால் நம் மலையில் அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இருளர், குறும்பர், பணியர் மக்களிடம் அரிவாள் செல் நோய் (இரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் பரம்பரை நோய்) இருக்கிறது. இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரியில்தான், 1952-ல். சின்ன வயதிலேயே இடுப்புப் பந்துக்கு இரத்தம் நின்று பட்டுப்போகும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பந்தில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம், பந்து அமுங்கிவிட்டால் மாற்றுதான். இருபது, முப்பது வயதில் தொடை இடுக்கில் வலி என்று வந்தால் வாயுப் பிடிப்பு என்று விடாமல் எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் எடுங்கள். நோய் இருந்தால், எந்த ஆபரேஷனுக்கு முன்னாலும் மயக்க டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். குளிரும், உடம்பில் நீர் வற்றுவதும் அவர்களுக்கு ஆகாது.

செலவு கேட்டிருக்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வருடம் 5 லட்சம் வரை உண்டு. மூட்டு மாற்றை எந்த மருத்துவமனையில் அந்த அட்டையில் செய்கிறார்கள் என்று தேதி வாங்கும் முன்பே காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் ஆரம்பித்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டைகூட வேண்டியதில்லை. தனியாரில் பணம் கட்டிச் செய்வதானால் உள்ளே வைக்கும் முழங்கால் பொருத்துக்கு 2017 ஆகஸ்டிலிருந்து மத்திய அரசின் விலை உச்சவரம்பு இருக்கிறது. சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று வைத்தார்கள், பிறகு திருத்தியிருக்கிறார்கள். பில்லில் பொருத்தின் விலையைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். பொருத்தின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் எந்த டாக்டர் திறந்தாலும் உள்ளே என்ன மூட்டு, என்ன அளவு என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.